ஒரே ஜி கார்டு, மூன்று வேலை: கிட்டார் கற்பவர்களுக்குக் கீயும் கார்டும்

கிட்டார் கற்கத் தொடங்கிய சில மாதங்களில் ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் என்று ஐந்தாறு கார்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள், விரலுக்கு வந்துவிடும். இணையத்தில் ஒரு பாட்டைத் தேடி எடுத்து, வரிகளுக்கு மேலே போட்டிருக்கும் கார்டு பெயர்களைப் பார்த்து வாசிக்கவும் முடியும். பலர் அதற்கப்புறம்தான் தேங்கி நிற்கிறார்கள். பெயர் போட்டிராத இடத்தில் அடுத்து எந்தக் கார்டு வரும் என்று ஊகிக்க முடியாது. பாடுகிறவர் "சுருதியைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்றால் கை நின்றுவிடும். ஜி, சி, டி மூன்றும் ஏன் பாட்டுக்குப் பாட்டு சேர்ந்தே வருகின்றன, அந்தப் பாட்டுகளில் எஃப் ஷார்ப் மேஜர் ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று கேட்டால் பதில் வராது.

இத்தனைக்கும் பதில் கீயில், அதாவது பாட்டு எந்த ஸ்வரத்தைச் சட்ஜமாகக் கொண்டு நடக்கிறது என்பதில், இருக்கிறது. ஒரு கார்டின் பெயர், அதற்குள் என்னென்ன ஸ்வரங்கள் இருக்கின்றன என்பதை மட்டுமே சொல்லும். அந்தக் கார்டு இந்தப் பாட்டில் என்ன வேலை பார்க்கிறது என்பதைக் கீதான் சொல்லும். பாடத்திட்டங்கள் பெரும்பாலும் கார்டு வடிவங்களை முதலில் கொடுத்துவிட்டு, கீயைத் 'தியரி' என்று பின்னால் தள்ளிவிடுகின்றன. அதனால் கற்பவருக்கு இரண்டும் தனித்தனிப் பாடம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் கீயிலிருந்துதான் கார்டுகளே பிறக்கின்றன. அது எப்படி என்று ஜி மேஜர் கீயை வைத்தே பார்க்கலாம். கிட்டார்க்காரர்கள் அதிகம் புழங்கும் கீ அது. எல்லாக் கணக்கையும் கையில் கிட்டாரை வைத்துக்கொண்டே சரிபார்க்கவும் முடியும்.

ஏழு ஸ்வரங்கள், ஒரு சட்ஜம்

கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிதான் ஃப்ரெட். ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் ஒலி அரைப்படி ஏறும். பன்னிரண்டு ஃப்ரெட் நகர்ந்தால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். ஆக மொத்தம் பன்னிரண்டு ஸ்வர இடங்கள். ஒரு மேஜர் கீ இவற்றில் ஏழைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வு முறை எப்போதும் ஒன்றுதான்: தொடங்கிய இடத்திலிருந்து 2, 2, 1, 2, 2, 2, 1 என்று ஃப்ரெட்டுகளைத் தாண்டிப் போக வேண்டும்.

கீழிருந்து எண்ணினால் மூன்றாவது கம்பி ஜி. அதைத் திறந்தபடி ஒரு முறை மீட்டுங்கள். பிறகு அதே கம்பியில் 2, 4, 5, 7, 9, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளை வரிசையாக அழுத்தி மீட்டுங்கள். ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப், மறுபடி ஜி. கேட்டதும் தெரிந்த வரிசையாக இருக்கும். கர்நாடக இசையில் 29-ஆவது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணத்தின் ஸ்வரங்களும் இவைதான். ஸ்வரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் நேராக ஒலிக்கின்றன, அவ்வளவே. இந்த ஏழில் எஃப் ஷார்ப் ஒன்றுதான் ஷார்ப், அதாவது எஃப்-ஐவிட அரைப்படி ஏறியது. எந்த ஷார்ப்பும் இல்லாத சி மேஜர் கீயோடு ஒப்பிட்டால் இந்த ஒரு ஸ்வரம் மட்டுமே வேறு. பின்னால் இது பெரிய உதவியாக வரும்.

ஏழு ஸ்வரங்களைப் பட்டியல் போட்டால் அது ஸ்கேல். அவற்றில் ஒன்றைச் சட்ஜமாக நிறுத்தி, மற்ற ஆறும் அதை நோக்கியே நடக்கும்படி செய்தால் கீ. தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தனியாக விளக்க வேண்டிய விஷயமே இல்லை. பாட்டு எங்கே போனாலும் எந்த ஸ்வரத்தில் வந்து நின்றால் 'முடிந்தது' என்று மனம் ஒப்புக்கொள்கிறதோ, அதுதான் கீயின் பெயர்.

ஒரு சின்னக் கிளை விஷயம். ஃப்ரெட்டுகள் தலைப்பக்கத்திலிருந்து உடல்பக்கம் போகப் போக நெருங்கிக்கொண்டே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒலிக்கும் கம்பியின் நீளம் சுமார் 5.6 விழுக்காடு குறைகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சரியாகப் பாதியாகிவிடுகிறது. எல்லா அரைப்படிகளையும் இப்படி ஒரே விகிதத்தில் வைத்ததால்தான் ஒரே கிட்டாரில் பன்னிரண்டு கீயிலும் வாசிக்க முடிகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. மேஜர் கார்டின் நடு ஸ்வரம், இயற்கையாக இனிக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். காதுக்கு ஜி கார்டு முழுமையாக இனிக்க வேண்டும் என்று பி கம்பியைத் தளர்த்தினால், அடுத்து ஈ கார்டு வாசிக்கும்போது அதே கம்பி சுருதி விலகிக் கேட்கும். ட்யூனர் காட்டும் இடத்தில் கம்பியை விட்டுவிடுவது எல்லாக் கார்டுகளுக்கும் நியாயமானது.

கார்டு எங்கிருந்து வருகிறது

இப்போது ஜி கார்டை வழக்கமான வடிவத்தில் பிடியுங்கள். தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், ஐந்தாவது கம்பியில் இரண்டாவது ஃப்ரெட், முதல் கம்பியில் மறுபடி மூன்றாவது ஃப்ரெட். நடுவில் மூன்று கம்பிகள் திறந்தபடி. மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக மீட்டினால் ஜி, பி, டி, ஜி, பி, ஜி. ஆறு கம்பி ஒலித்தாலும் ஸ்வரம் மூன்றே மூன்று. ஜி கீயின் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தவை அவை: ஜி எடுத்து, ஏ விட்டு, பி எடுத்து, சி விட்டு, டி எடுத்திருக்கிறோம்.

கார்டு கட்டும் முறை முழுக்க இதுதான். கீயின் எந்த ஸ்வரத்தில் தொடங்கினாலும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று எடுத்தால் ஒரு கார்டு கிடைக்கும். ஸ்வரங்களின் வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும், எந்த ஸ்வரம் கீழே ஒலித்தாலும், கார்டுக்கு மூலம் ஒன்றே என்பதைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரமோ 1722-இல் தெளிவாக எழுதி வைத்தார். கிட்டாரில் ஒரே கார்டை ஐந்து இடங்களில் ஐந்து விதமாகப் பிடித்தாலும் பெயர் மாறாமல் இருப்பதன் காரணமும் இதுவே.

அப்படியானால் மேஜர், மைனர் என்ற வேறுபாடு ஏன்? ஏ-யில் தொடங்குங்கள்: ஏ, சி, ஈ. ஏ-யிலிருந்து சி-க்கு மூன்று ஃப்ரெட், சி-யிலிருந்து ஈ-க்கு நான்கு. ஜி கார்டில் இது தலைகீழ்: ஜி-யிலிருந்து பி நான்கு, பி-யிலிருந்து டி மூன்று. நான்கு முதலில் வந்தால் மேஜர், மூன்று முதலில் வந்தால் மைனர். இரண்டிலும் மொத்தம் ஏழு ஃப்ரெட்தான். நடு ஸ்வரம் ஒரு ஃப்ரெட் தள்ளி நிற்பதால்தான் ஒன்று வெளிச்சமாகவும் மற்றது மங்கலாகவும் கேட்கிறது. ஏ மேஜருக்கு சி ஷார்ப் வேண்டும். ஜி கீயில் அது இல்லை. அதனால்தான் இந்தக் கீயில் ஏ கார்டு மைனராகவே வருகிறது. யாரும் விதி போட்டுத் தடுக்கவில்லை. அதற்கு வேண்டிய ஸ்வரம் கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஏழு ஸ்வரத்திலும் இதைச் செய்தால் ஜி மேஜர், ஏ மைனர், பி மைனர், சி மேஜர், டி மேஜர், ஈ மைனர், கடைசியாக எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் என்று ஏழு கார்டுகள் கிடைக்கும். கடைசிக் கார்டில் மூன்று ஃப்ரெட்டும் மூன்று ஃப்ரெட்டுமாக இடைவெளி குறுகிவிடுவதால் அது நெருடலாக ஒலிக்கும். பெரும்பாலான பாட்டுகளில் அதைத் தனியாகப் பிடிக்க வேண்டிய தேவையே வராது. டி கார்டோடு, ஒன்று விட்டு அடுத்து வரும் சி-யையும் சேர்த்தால் டி செவன்த். அதன் நான்கு ஸ்வரங்களில் டி-யை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இதே கார்டுதான். அதனால் டி செவன்த் பிடித்தாலே இதன் வேலை நடந்துவிடும்.

எந்த மேஜர் கீயை எடுத்தாலும் தாண்டும் கணக்கு ஒன்று என்பதால் கார்டுகளின் குணமும் அதே வரிசையில்தான் வரும். கீயின் ஸ்வர வரிசைப்படி எண் போட்டால் 1, 4, 5 மேஜர். 2, 3, 6 மைனர். 7 டிமினிஷ்ட். கார்டு பாடத்தில் மனப்பாடம் செய்யத்தக்க ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சுவரில் ஒட்டும் கார்டு வரைபடங்களில் இருக்கும் நூற்றுக்கணக்கான வடிவங்களைவிட இந்த ஒரு வரி கற்பவரை வெகுதூரம் கூட்டிப்போகும்.

1, 4, 5 மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஜி கார்டில் ஜி, பி, டி. சி கார்டில் சி, ஈ, ஜி. டி கார்டில் டி, எஃப் ஷார்ப், ஏ. சேர்த்தால் ஜி, ஏ, பி, சி, டி, ஈ, எஃப் ஷார்ப். கீயின் ஏழு ஸ்வரங்களும் வந்துவிட்டன, ஒன்றுகூட விடுபடவில்லை. மெட்டு இந்த ஏழில் எதைத் தொட்டாலும் அந்த ஸ்வரத்தை உள்ளே வைத்திருக்கும் ஒரு கார்டு இந்த மூன்றில் இருக்கும். மூன்று கார்டில் இத்தனை பாட்டுகள் அடங்குவதன் ரகசியம் இதுதான்.

ஒரே கார்டு எப்படி மூன்று வேலை செய்கிறது

ஒரு சோதனை செய்து பாருங்கள். சி கார்டை நிதானமாக நாலைந்து முறை மீட்டுங்கள். பிறகு எஃப், மறுபடி சி. அப்புறம் ஜி பிடித்து, ஒரு தடவை மீட்டி, கம்பிகளை அப்படியே ஒலிக்கவிட்டு நிறுத்துங்கள். ஏதோ பாதியில் நிற்பது போல இருக்கும். சி-க்குத் திரும்பினால்தான் மனம் அடங்கும். இப்போது ஜி-யை நாலைந்து முறை மீட்டி, சி போய், டி போய், ஜி-யில் வந்து நில்லுங்கள். அதே ஆறு கம்பிகள், அதே விரல் இடங்கள், ஆனால் இப்போது அது முடிவாக ஒலிக்கிறது. மூன்றாவதாக டி, ஜி, ஏ, டி என்று வாசியுங்கள். இங்கே ஜி முடிக்கவும் இல்லை, பெரிதாகத் தவிக்கவும் இல்லை. டி-யிலிருந்து கொஞ்சம் விலகிக் காலாற நிற்கிறது.

முதல் சோதனையில் கீ சி, அதில் ஜி ஐந்தாவது கார்டு. இரண்டாவதில் ஜி கீ, அதில் ஜி முதல் கார்டு. மூன்றாவதில் டி கீ, அதில் ஜி நான்காவது. கார்டு மாறவில்லை, சட்ஜம் மாறியது. கார்டின் பெயரை மட்டும் கற்றவருக்கு மூன்று இடத்திலும் அது வெறும் 'ஜி'தான். எண்ணோடு கற்றவருக்கு அது வெவ்வேறு உணர்வுள்ள மூன்று கார்டு.

ஐந்தாவது கார்டு ஏன் அப்படித் தவிக்கிறது என்பதைக் கிட்டாரில் கண்ணாலேயே பார்க்க முடியும். ஜி செவன்த் பிடியுங்கள்: தடித்த கம்பியில் மூன்று, ஐந்தாவது கம்பியில் இரண்டு, முதல் கம்பியில் ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில். அந்த ஆள்காட்டி விரல் அழுத்துவது எஃப். அதற்கு மேலே உள்ள இரண்டாவது கம்பி திறந்தபடி ஒலிக்கிறது, அது பி. பி-க்கும் எஃப்-க்கும் இடையே ஆறு ஃப்ரெட் தூரம், ஸ்தாயியில் சரிபாதி. பன்னிரண்டு இடங்களில் மிகவும் நிலைகொள்ளாத ஜோடி அது. இப்போது சி கார்டுக்கு மாறுங்கள். ஆள்காட்டி விரல் முதல் கம்பியை விட்டு எழுந்து இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டுக்குப் போகிறது. முதல் கம்பியில் எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகிறது. இரண்டாவது கம்பியில் பி ஒரு ஃப்ரெட் ஏறி சி ஆகிறது. நிலைகொள்ளாமல் நின்ற இரண்டு ஸ்வரங்களும் ஆளுக்கு அரைப்படி நகர்ந்து சி கார்டுக்குள் அமர்ந்துவிடுகின்றன. ஒரு விரலின் ஒரே ஒரு நகர்வு. மேற்கத்திய ஹார்மனி என்ற பெரிய கட்டடத்தின் அஸ்திவாரம் அந்த நகர்வில் இருக்கிறது. அதை ஒரு பத்து தடவை மெதுவாக வாசித்துக் கேட்டவருக்குப் பிறகு எந்தப் பாட்டிலும் ஐந்திலிருந்து ஒன்றுக்குப் போகும் இடம் காதில் பட்டென்று விழும்.

மைனர் கார்டுகளின் வேலை இதைவிட மென்மையானது. ஜி கார்டுக்கும் ஈ மைனருக்கும் இரண்டு ஸ்வரங்கள் பொது: ஜி, பி. டி இருந்த இடத்தில் ஈ வருகிறது, அவ்வளவுதான் மாற்றம். அதனால் பாட்டில் ஜி-யில் வந்து முடியும் என்று காது காத்திருக்கும் இடத்தில் ஈ மைனரைப் போட்டால், முடிந்தும் முடியாதது போல ஒரு நிலை கிடைக்கும். சி-க்கு ஏ மைனரும், டி-க்கு பி மைனரும் இதே உறவு.

பாட்டின் கீயைக் கண்டுபிடிப்பது

முதல் கார்டுதான் கீ என்று நினைப்பது பரவலான பழக்கம். பல நேரம் சரியாக அமைந்துவிடும், ஆனால் நம்ப முடியாது. 6, 4, 1, 5 என்று மைனரில் தொடங்கும் சுழற்சி இன்றைய பாட்டுகளில் ஏராளம். ஈ மைனர், சி, ஜி, டி என்று அது ஓடும்போது தொடக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.

நம்பகமான வழி, கார்டுகளுக்கு நடுவே இருக்கும் சாட்சியைத் தேடுவது. ஜி கீயும் சி கீயும் ஒரே ஒரு ஸ்வரத்தில்தான் வேறுபடுகின்றன என்று பார்த்தோம். அதனால் ஜி, சி, ஏ மைனர், ஈ மைனர் நான்கும் இரண்டு கீக்கும் பொது. இந்த நான்கு மட்டும் வரும் பாட்டில் கார்டுப் பெயர்களை வைத்துக் கீயைத் தீர்மானிக்கவே முடியாது. ஒரு டி மேஜரோ பி மைனரோ வந்தால் அதற்குள் எஃப் ஷார்ப் இருக்கிறது, ஜி கீ பக்கம் தராசு சாய்ந்துவிடும். எஃப் மேஜரோ டி மைனரோ வந்தால் சாதாரண எஃப் இருக்கிறது, சி கீ. டி-யா எஃப்-ஆ என்று மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. அதே போல, செவன்த் கார்டு எதுவும் கண்ணில் பட்டால் அதைத் தொடர்ந்து எங்கே போகிறது என்று பாருங்கள். டி செவன்த் ஜி-யைக் கைகாட்டும், ஜி செவன்த் சி-யைக் கைகாட்டும்.

காதை வைத்தும் சரிபார்க்க வேண்டும். பாட்டு முடியும் இடத்தில் எந்த ஸ்வரத்தை முனகினால் நிம்மதியாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு தடித்த கம்பியில் தேடினால் கீ கிடைக்கும்.

மைனர் கீக்கு ஒரு கூடுதல் அடையாளம் உண்டு. ஈ மைனர் கீயின் ஸ்வரங்களும் ஜி மேஜரின் ஸ்வரங்களும் அச்சு அசல் ஒன்றே, சட்ஜம் மட்டும் ஈ-க்கு மாறுகிறது. கர்நாடக முறையில் அது நடபைரவி ராகம். அதில் ஐந்தாவது கார்டு பி மைனர். மைனர் கார்டாக இருப்பதால் அது ஈ மைனரை நோக்கிப் பலமாக இழுக்காது. எனவே டி-யை அரைப்படி ஏற்றி டி ஷார்ப் ஆக்கி, பி மைனருக்குப் பதில் பி செவன்த் வாசிக்கும் வழக்கம் வந்தது. ஏழாவது ஸ்வரமான நிஷாதம் இப்படி உயர்ந்தால் நடபைரவி கீரவாணி ஆகிவிடும். ஜி, சி, டி, ஈ மைனர் என்று வந்துகொண்டிருக்கும் பாட்டில் ஒரு பி செவன்த் தலைகாட்டி, உடனே ஈ மைனரில் இறங்கினால், பாட்டின் மனசு ஈ மைனரில் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

வெளியாட்கள்

இந்தக் கணக்கைக் கற்றவர் உடனே ஒரு பாட்டை எடுத்துப் பார்ப்பார். அதில் கீக்குச் சம்பந்தமில்லாத ஒரு கார்டு இருக்கும். தியரி பொய் என்று தோன்றும். அப்படி இல்லை. கீயில் இல்லாத ஸ்வரம் ஒன்று வேண்டுமென்றே கொண்டுவரப்படுகிறது, அது என்ன செய்கிறது என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

ஜி கீயில் ஏ மேஜர் அல்லது ஏ செவன்த் வந்தால் அடுத்து பெரும்பாலும் டி வரும். அதற்குள் இருக்கும் சி ஷார்ப், அரைப்படி மேலே உள்ள டி-யை நோக்கித் தள்ளுகிறது. டி-யைத் தற்காலிகச் சட்ஜமாக நினைத்துக்கொண்டு அதன் ஐந்தாவது கார்டைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். ஜி கீயில் சி மைனர் வந்தால் இன்னும் அழகு. சி, சி மைனர், ஜி என்று மெதுவாக வாசித்து, சி கார்டின் நடு ஸ்வரம் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள்: ஈ, ஈ ஃபிளாட் (அரைப்படி இறங்கிய ஈ), டி என்று அரைப்படி அரைப்படியாக இறங்கும். நெஞ்சைப் பிசையும் ஒரு கணம் வேண்டும் என்றால் இசையமைப்பாளர்கள் இந்த இறக்கத்தைத் தேடிப் போகிறார்கள்.

ஜி கீயில் எஃப் மேஜர் வருவது ராக் இசையில் சாதாரணம். அங்கே நிஷாதம் அரைப்படி இறங்கியிருக்கிறது, அதாவது ஸ்வரங்கள் ஹரிகாம்போதியின் ஸ்வரங்களாகிவிட்டன. டி, சி, ஜி என்ற சுழற்சியைப் பற்றி வாத்தியக்காரர்கள் சண்டை போடுவதும் இதனால்தான். ஜி-யில் நின்றால் அது 5, 4, 1. டி-யில் நின்றால் அது டி-யைச் சட்ஜமாகக் கொண்ட ஹரிகாம்போதி. பேப்பரில் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாட்டைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

புளூஸ் இந்த விதிகளைச் சட்டை செய்வதே இல்லை. ஈ செவன்த், ஏ செவன்த், பி செவன்த் என்று மூன்றுமே செவன்த். ஈ செவன்த்தில் உள்ள டி-யும் ஏ செவன்த்தில் உள்ள ஜி-யும் ஈ மேஜர் கீயில் இல்லாதவை. அந்தப் பாணிக்கு அந்தக் கரகரப்புதான் உயிர்.

நம் ராகங்களுக்குக் கார்டு போடுவது

தமிழ்ப் பாட்டு வாசிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. சங்கராபரணம், கீரவாணி, ஹரிகாம்போதி போன்றவற்றில் இதுவரை சொன்ன முறை தாராளமாக வேலை செய்யும். மோகனத்தை எடுங்கள். சட்ஜம் சி என்றால் ஸ்வரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ. இந்த ஐந்துக்குள் முழுமையாக அடங்கும் கார்டுகள் இரண்டே இரண்டு: சி மேஜர், ஏ மைனர். ஜி கார்டுக்கு பி இல்லை, எஃப் கார்டுக்கு எஃப் இல்லை. மோகனப் பாட்டுக்கு ஜி-யோ எஃப்-ஓ போடுகிறவர் ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைப் பின்னணியில் சேர்க்கிறார். சினிமாப் பாட்டில் அது அழகாகவே இருக்கலாம். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். ராகத்தின் நிறத்தைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் ஜி கார்டிலிருந்து பி-யை விட்டுவிட்டு ஜி, டி இரண்டை மட்டும் ஒலிக்கவிடுவது நல்ல வழி.

மாயாமாளவகௌளை இன்னும் முரண்டு பிடிக்கும். சி-யில் தொடங்கினால் சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி. ஐந்தாவது ஸ்வரமான பஞ்சமத்தில் கார்டு கட்டினால் ஜி, பி, டி ஃபிளாட் என்று வருகிறது. மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. சட்ஜத்துக்கு இழுத்து வர வேண்டிய ஐந்தாவது கார்டே ஒழுங்காக அமைவதில்லை. சங்கீதப் பாடத்தின் முதல் ராகம் கிட்டார் கார்டுகளுக்கு இவ்வளவு சிரமம் கொடுப்பதைப் பார்க்கும்போது, கார்டு முறை வேறொரு இசைக்காகப் பிறந்தது என்பது நன்றாகப் புரிகிறது. இந்த மாதிரி ராகங்களுக்கு சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கும் இரண்டு ஸ்வரப் பிடியே நான் விரும்புவது.

எண்ணும் கட்டையும் கேபோவும்

1950-களின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களில், ஜோர்டனேர்ஸ் பாடகர் குழுவைச் சேர்ந்த நீல் மாத்யூஸ் ஜூனியர் ஸ்வரங்களுக்கு எண் போட்டுக் குறித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். சார்லி மெக்காய் போன்ற வாத்தியக்காரர்கள் அதைக் கார்டுகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். தாளில் ஜி, டி, ஈ மைனர், சி என்று எழுதாமல் 1, 5, 6, 4 என்று எழுதினால், பாடகர் எந்தச் சுருதி கேட்டாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை. சி கீ என்றால் அது சி, ஜி, ஏ மைனர், எஃப். டி கீ என்றால் டி, ஏ, பி மைனர், ஜி. நீங்கள் வாசிக்கும் பாட்டுகளின் தாளில் கார்டுப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் இந்த எண்ணை எழுதிவைத்துப் பழகுங்கள். வேறு வேறு என்று நினைத்த பாட்டுகள் பலவற்றில் ஒரே எண் வரிசை ஓடுவது கண்ணில் படும்.

நம் ஊர்ப் பாடகர்கள் சுருதியை ஹார்மோனியக் கட்டையில் சொல்வார்கள். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. கறுப்புக் கட்டைகள் அரையில் வரும்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரை என்று ஒன்று கிடையாது. ஆண்கள் பலர் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரையிலும் பாடுவார்கள்.

பிரச்சினை என்னவென்றால், கிட்டாருக்கு எல்லாக் கட்டையும் சமமான வசதி இல்லை. திறந்த கம்பிகள் ஈ, ஏ, டி, ஜி, பி என்று இருப்பதால், அந்த ஸ்வரங்களில் பெரும்பாலானவற்றை உள்ளே வைத்திருக்கும் ஜி, டி, ஏ, ஈ, சி கீகளில் கிட்டார் முழுக் குரலில் ஒலிக்கும். ஐந்தரைக் கட்டையில் அத்தனையும், ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பல கம்பிகளை அழுத்தும் பார் கார்டாகிவிடும், விரல் வலிக்கும், ஒலியும் சுருங்கும். அதற்குத்தான் கேபோ, எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப். கேபோ ஒரு ஃப்ரெட் ஏறினால் எல்லாக் கார்டும் அரைப்படி ஏறும். ஐந்தரைக்கு முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு ஜி வடிவங்களை வாசிக்கலாம். ஆறரைக்கு மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி வடிவங்கள், அல்லது முதல் ஃப்ரெட்டில் ஏ வடிவங்கள். நாலரைக்கு இரண்டாவது ஃப்ரெட்டில் ஈ வடிவங்கள், அல்லது நான்காவது ஃப்ரெட்டில் டி வடிவங்கள். இரண்டு கட்டையில் கீரவாணி என்றால் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஏ மைனர் வடிவங்கள், அதற்கு ஐந்தாவது கார்டாக ஈ செவன்த்.

ஒரே சுருதிக்கு இப்படி இரண்டு வழி இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பாட்டின் எண்கள் தீர்மானிக்கட்டும். பாட்டில் 4 அடிக்கடி வந்தால் டி வடிவங்களை எடுங்கள், அங்கே நான்காவது கார்டு திறந்த கம்பிகளோடு ஒலிக்கும் ஜி. 3 முக்கியமாக வந்தால் டி வடிவத்தில் அது எஃப் ஷார்ப் மைனர், பார் கார்டு. அந்தப் பாட்டுக்கு சி வடிவங்களை எடுத்தால் 3 ஈ மைனராகிவிடும், இரண்டே விரலில் பிடிக்கலாம். ஆனால் அங்கே 4 எஃப் ஆகிவிடும், அதற்கு விரல் தயாராக இருக்க வேண்டும். குழுவில் இரண்டு கிட்டார் இருந்தால் ஒருவர் கேபோ இல்லாமல் ஜி வடிவத்திலும், இன்னொருவர் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேபோ போட்டு டி வடிவத்திலும் வாசிக்கலாம். இரண்டுமே ஜி கீதான். முதலாமவர் ஜி, சி, டி பிடிக்கும்போது இரண்டாமவர் கை டி, ஜி, ஏ வடிவங்களில் இருக்கும். பெயரைச் சொல்லிப் பேசினால் இருவருக்கும் குழப்பம் வரும். 1, 4, 5 என்று பேசிக்கொண்டால் வராது.